18ஆம் நூற்றாண்டு அரண்மனைப் பெண்கள் எழுதி வச்ச வாழ்க்கைக் கதைகளை எப்படிப் படிக்கிறது: முழு வழிகாட்டி

இந்த மாதிரி புத்தகத்தை முதல்ல எடுத்தப்போ நான் பண்ண தப்பு, நாவல் மாதிரி முதல் பக்கத்துல ஆரம்பிச்சு நேரா போனதுதான். நாற்பதாவது பக்கம் வரும்போது யாரு யாருக்கு என்ன உறவு, எந்த இளவரசி எந்த இளவரசனோட பொண்டாட்டி ஒண்ணும் புரியல, மூடி அலமாரியில வச்சேன், ரெண்டு வருஷம் அங்கயே கிடந்துச்சு. மறுபடி எடுத்தப்போ பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு உக்காந்தேன், அதுக்கப்புறம் வெப் சீரிஸ் மாதிரி விடவே முடியல. வெர்சாய், பீட்டர்ஸ்பர்க், பெர்லின்னு அந்தக் காலத்து அரண்மனைகளுக்குள்ள வாழ்ந்த பொண்ணுங்க அவங்களே எழுதுனது இது, அதனால சுவாரசியத்துக்குப் பஞ்சமே இல்ல. ஆனா இவங்க யாரும் நமக்காக எழுதல, ஒவ்வொருத்தரும் யாருக்கோ பதில் சொல்ல, எதையோ நிரூபிக்க உக்காந்து எழுதியிருக்காங்க. அதை மனசுல வச்சுக்கிட்டு படிக்கிறதுக்குத்தான் இந்த வழிமுறை எல்லாம்.

படி 1: முதல் புத்தகத்தை சரியா எடுங்க

ரொம்ப பேர் பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் பேரைப் பார்த்துட்டு நேரா அவங்க பணிப்பெண் மதாம் காம்பான் எழுதுனதுக்குப் போவாங்க. அதுல தப்பில்ல, ஆனா முதல் புத்தகமா நான் சொல்றது மார்க்கீஸ் து லா தூர் து பான் எழுதுன ஐம்பது வயசுப் பெண்ணின் குறிப்புகள். 1770ல பாரிஸ்ல பொறந்தவங்க, பொறந்த பேரு ஆன்ரியெத் லூசி டில்லன், அம்மா ராணியோட தோழிகள்ல ஒருத்தர், இவங்களும் 17 வயசுல வெர்சாய்க்குள்ள போயிட்டாங்க, அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி, தலைமறைவு, அமெரிக்காவுல பண்ணை வாழ்க்கைன்னு எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. நடை தெளிவா இருக்கும், தன்னைப் பத்தியே கிண்டல் பண்ணிக்குவாங்க, அழுது புலம்ப மாட்டாங்க.

ரெண்டாவது ரஷ்யாவோட பேரரசி கேத்தரின், மூணாவது காம்பான், நாலாவது ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவோட வில்ஹெல்மினா (ஃப்ரெடெரிக் மகாராஜாவோட அக்கா), அஞ்சாவது ரஷ்யாவுலயே இளவரசி தாஷ்கோவா. இந்த அஞ்சு பேரும் எழுதுனது பிரெஞ்சுலதான், அந்தக் காலத்துல ஐரோப்பா அரண்மனைங்க பூரா அதுதான் பேச்சு மொழி. நமக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு போதும், பழைய மொழிபெயர்ப்புகள் ப்ராஜெக்ட் குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இணைய நூலகம் ரெண்டுலயும் தேடுனா இலவசமாவே கிடைக்கும். ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, நூறு வருஷத்துக்கு முந்தின மொழிபெயர்ப்புல "இது தகாது"ன்னு தோணுன இடத்தை எல்லாம் சத்தமில்லாம வெட்டியிருக்க வாய்ப்பு உண்டு, அதனால புது மொழிபெயர்ப்பு கைக்கு கிடைச்சா அதையே எடுங்க.

படி 2: நோட்டோட முதல் பக்கத்துல மூணு வருஷம் எழுதுங்க

இருக்கிற படியிலேயே முக்கியமானது இதுதான், மத்ததை விட்டாலும் இதை விடாதீங்க. சம்பவம் நடந்த வருஷம், அதை உக்காந்து எழுதுன வருஷம், அச்சுல வந்த வருஷம், மூணையும் ஒரே வரியில எழுதுங்க.

லா தூர் து பான் வெர்சாய்ல முறைப்படி அறிமுகமானது 1787ல. எழுத ஆரம்பிச்சது 1820 ஜனவரி 1ஆம் தேதி, அதாவது 33 வருஷம் கழிச்சு. அச்சுல வந்தது 1907 வாக்குல, அவங்க இறந்து அரை நூற்றாண்டு தாண்டி, கொள்ளுப்பேரன் மூலமா. இதை எழுதி வச்சுட்டு உள்ள போங்க. சிரிச்சுக்கிட்டும் ஆடிக்கிட்டும் பாதாளத்தை நோக்கி நடந்தோம்ங்கிற அர்த்தத்துல ஒரு வரி வரும், எல்லாரும் எடுத்துக்காட்டுற வரி. ஆனா ஆடிக்கிட்டு இருந்தப்போ பாதாளம் இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அது 1788ல ஆடுன பொண்ணு சொன்னது இல்ல, அப்பாவையும் மாமனாரையும் 1794 ஏப்ரல்ல ஒரே மாசத்துல கில்லட்டின்ல (தலையை வெட்டுற இயந்திரம்) பறிகொடுத்த அம்மா 1820ல திரும்பிப் பார்த்து சொல்றது. அப்படி பின்னாடி இருந்து வர்ற வரிங்களுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டே வாங்க, பாதி புத்தகம் தாண்டுறதுக்குள்ள ரெண்டு குரலும் தனித்தனியா கேக்க ஆரம்பிச்சுடும்.

சின்ன வயசு நினைவுன்னா இன்னும் உஷார். வில்ஹெல்மினா பொறந்தது 1709ல, ரஷ்யாவோட மகா பீட்டர் பொண்டாட்டியோட பெர்லினுக்கு வந்தது 1717ல, அப்போ இவங்களுக்கு எட்டு வயசு. பீட்டரோட மனைவி பழைய துணிக்கடையில வாங்குன மாதிரி கவுன் போட்டிருந்தாங்களாம், உடம்பு பூரா பதக்கமும் சாமி படமுமா தொங்க விட்டு, நடந்தா கழுதை வர்ற மாதிரி கிலுங் கிலுங்னு சத்தம் வருமாம். படிச்சுட்டு நான் தனியா உக்காந்து சிரிச்சேன். ஆனா அந்த வருகையை 1718னு ஒரு வருஷம் தள்ளி எழுதியிருக்காங்க. அதுக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்ல, எட்டு வயசுப் பிள்ளைக்கு வருஷம் மறந்துடும், சத்தம் மறக்காது. எதை எவ்வளவு நம்பலாம்னு அதுலயே தெரிஞ்சுடுது.

படி 3: பேருங்களுக்கு தனியா ஒரு பக்கம்

நான் முதல் தடவை கவுந்தது இங்கதான். பொறந்தப்போ ஒரு பேரு, கல்யாணம் ஆனா ஒரு பேரு, மாமனார் செத்து புருஷனுக்குப் பட்டம் வந்தா இன்னொரு பேரு. டில்லன் பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் கூவர்னே சீமாட்டி, பின்னாடி லா தூர் து பான், மூணும் ஒரே ஆள்தான். வெர்சாய்ல இதை விடப் பெரிய குழப்பம் உண்டு, வெறும் "மொசியே"ன்னு மட்டும் சொன்னா அது ராஜாவோட அடுத்த தம்பி, வெறும் "மதாம்"னா அந்தத் தம்பியோட மனைவி, "மேதாம்"னு பன்மையில வந்தா முந்தின ராஜா 15ஆம் லூயியோட பொண்ணுங்க. நம்ம ஊர்ல பெரியய்யா, சின்னய்யா, பெரியம்மான்னு பேரே சொல்லாம பேசுற வீடு மாதிரி, உள்ள இருக்கிறவங்களுக்குப் புரியும், வெளியில இருந்து வந்தவன் முழிப்பான். அதனால ஆள் ஒண்ணுக்கு ஒரு வரி, வர்ற பேரை எல்லாம் அதே வரியில சேர்த்துட்டே போங்க.

இந்தப் பக்கத்தால எனக்குக் கிடைச்ச ஒரு சமாச்சாரத்தை சொல்லியே ஆகணும். லா தூர் து பான் புத்தகத்துல புருஷனோட சித்தி எனான் இளவரசி அடிக்கடி வருவாங்க, அவங்க கூடவே லாலி தொலாந்தால்னு ஒருத்தர், இங்கிலாந்துல ரிச்மண்ட்ல அகதிகளா இருந்தப்போ கூட ரெண்டு பேரும் ஒரே வீடு. லாலின்னு எழுதிட்டு பேனா அப்படியே நின்னுடுச்சு. புதுச்சேரியை 1761 ஜனவரியில இங்கிலீஷ்காரங்க கிட்ட விட்டுக் கொடுத்த பிரெஞ்சுத் தளபதி, அதே லாலியோட பையன் இவரு! அப்பாவை துரோகின்னு சொல்லி 1766ல பாரிஸ்ல தலையை வெட்டிட்டாங்க, பெரிய எழுத்தாளர் வோல்டேர் வரைக்கும் அவருக்காக எழுதி, 1778ல அந்தத் தீர்ப்பு ரத்தாச்சு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்போட கடைசிப் பகுதியில புதுச்சேரித் தெருவுல நடமாடுற அந்த லாலியோட பிள்ளை, இங்க ஒரு பிரெஞ்சு சீமாட்டி வீட்டு வரவேற்பறையில வந்து நிக்கிறார். பிள்ளைவாள் அன்னன்னைக்கு நடந்ததை எழுதினவர், இந்தம்மா முப்பது வருஷம் கழிச்சு எழுதினவங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா நாட்குறிப்புக்கும் நினைவுக்குறிப்புக்கும் உள்ள வித்தியாசம் யாரும் பாடம் எடுக்காமலே விளங்கிடும்.

படி 4: மரியாதை முறைகளை கத்துக்கோங்க, இல்லன்னா பாதி காட்சி வீண்

அறிமுகச் சடங்கையே எடுத்துக்கோங்க. வெர்சாய்ல ராஜா ராணி முன்னாடி முறைப்படி அறிமுகமாக, பரம்பரை 1400ஆம் வருஷத்துல இருந்து பிரபு குலம்னு காகிதத்துல காட்டணும், ராஜா மனசு வச்சா விலக்கு உண்டு. அதுக்கு ஒத்திகை வேற. லா தூர் து பானுக்கு சொல்லிக் கொடுத்தது ஒரு நடன வாத்தியார், நல்ல கனமான ஆளு, தலைக்கு வெள்ளைப் பவுடர் போட்டு, பெரிய பாவாடையைக் கட்டிக்கிட்டு அறைக்கு அந்தக் கோடியில ராணி மாதிரி நின்னாராம். இந்தப் பொண்ணு நீளமா தரையில புரளுற வால் வச்ச உடுப்போட நடந்து போய், குனிஞ்சு வணங்கி, கையுறையைக் கழட்டி, அந்த ஆளோட பாவாடை விளிம்பை முத்தம் கொடுக்கிற மாதிரி பாவனை பண்ணணும். அப்புறம் முதுகைக் காட்டாம பின்னாடியே நடந்து வரணும், வால் கால்ல சிக்காம இருக்க யாருக்கும் தெரியாம சின்னதா ஒரு உதை விட்டுத் தள்ளிட்டே வரணும். இதை விட கேலிக்கூத்து இருக்க முடியாதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க.

காம்பான் சொல்ற சட்டைக் காட்சி இன்னும் மேல. குளிர்காலம், ராணி மேரி அன்டோனெட் உடுப்பு எதுவும் இல்லாம நிக்கிறாங்க, காம்பான் கையில உள்சட்டை தயாரா இருக்கு. அப்போ ராணியோட தலைமைத் தோழி உள்ள வர்றாங்க, சட்டையைக் கொடுக்கிற உரிமை அவங்களுக்குத்தான், அதனால கையுறையைக் கழட்டி வாங்கிக்கிறாங்க. கதவுல பிராண்டுற சத்தம் (வெர்சாய்ல கதவைத் தட்டக் கூடாது, பிராண்டணும்). ஓர்லியான் சீமாட்டி வர்றாங்க, இவங்க அந்தஸ்து அதை விடப் பெருசு, இப்போ சட்டை அவங்க கைக்குப் போகணும், ஆனா தோழி நேரா கொடுக்கக் கூடாது, திருப்பி காம்பான் கையில கொடுத்து, காம்பான்தான் அவங்களுக்குக் கொடுக்கணும். மறுபடி கதவுல பிராண்டல், ராஜாவோட தம்பி மனைவி வர்றாங்க, அதாவது படி 3ல பார்த்த அந்த "மதாம்", சட்டை மறுபடி கை மாறுது. இவ்வளவு நேரமும் ராணி மார்புக்கு குறுக்க கையைக் கட்டிக்கிட்டு நடுங்கிட்டு நிக்கிறாங்க. கடைசியில மதாம் அவசரத்துல கையுறையைக் கூட கழட்டாம சட்டையை மாட்டி விட்டு ராணியோட தலைமுடியைக் கலைச்சு விடுறாங்க. ராணி சிரிச்சு சமாளிச்சுட்டு, சே என்ன தொல்லைன்னு வாய்க்குள்ள முனகுறாங்க.

மேலோட்டமா படிச்சா இது ஒரு ஜோக். ஆனா யார் கையில சட்டை இருக்குங்கிறதுதான் அங்க யார் பெரியவங்கங்கிறதோட கணக்கு. அந்த உரிமையை வச்சுத்தான் அந்தக் குடும்பங்களோட கௌரவமே ஓடுச்சு, இந்த ராணி பின்னாடி இந்த முறைகளை ஒவ்வொண்ணா ஒதுக்க ஆரம்பிச்சப்போ எத்தனை பெரிய வீட்டுக்காரங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்கன்னு அதுக்கப்புறம்தான் உறைக்கும். டச்சஸ்களுக்கு ராணி முன்னாடி முதுகுசாய்ப்பு இல்லாத ஒரு சின்ன முக்காலியில உக்கார உரிமை உண்டு, அந்த முக்காலிக்காக குடும்பங்களே சண்டை போட்டிருக்கு. நம்ம கல்யாண வீட்டுல முதல் பந்தியில யாரை உக்கார வச்சாங்கன்னு பத்து வருஷம் பேசாம இருக்கிறவங்களைப் பார்த்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

படி 5: எழுதும்போது அவங்களுக்கு என்ன தேவை இருந்துச்சு?

காம்பான் பிரபு குலமே இல்ல, அதிகாரி வீட்டுப் பொண்ணு, 15 வயசுல 15ஆம் லூயி பொண்ணுங்களுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுற வேலைக்குப் போய், ராணியோட முதன்மைப் பணிப்பெண் வரைக்கும் உயர்ந்தவங்க. புரட்சிக்கு அப்புறம் பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துனாங்க, நெப்போலியன் மனைவியோட பொண்ணு ஒர்தான்ஸே அவங்க மாணவி, அப்புறம் எக்குவான் பள்ளியோட தலைவி வேலையை நெப்போலியனே கொடுத்தார். 1814ல பழைய ராஜ குடும்பம் திரும்பி வந்ததும் பொழப்பே போச்சு, நெப்போலியன் ஆளுன்னும் ராணிக்குத் துரோகம் பண்ணவங்கன்னும் பேச்சு வேற. அப்படி நிக்கிற ஒருத்தர் எழுதுனா என்ன எழுதுவாங்க? நான் கடைசி வரைக்கும் ராணி பக்கத்துலதான் இருந்தேன், என்னைத்தான் நம்புனாங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் வரத்தான் செய்யும். அதனால எனக்கு ஒரு பழக்கம், சட்டைக் காட்சி மாதிரி அன்றாட விஷயங்கள்ல காம்பானை நல்லா நம்புவேன், ராணி என் கிட்ட மட்டும் சொன்னாங்கன்னு வர்ற இடத்துல பாதிதான் நம்புவேன்.

கேத்தரின் இதுல பெரிய கில்லாடி. வாழ்க்கைக் கதையை ஒரு தடவை இல்ல, வயசுக்கு ஒரு தடவை வேற வேற மாதிரி எழுதிப் பார்த்தவங்க, கடைசி வடிவம் 1790கள்ல. புருஷன் மூணாம் பீட்டரை அதுல காட்டுறதைப் பாருங்க. கல்யாணமான ஆளு, அட்டைக் கோட்டை கட்டி பொம்மை சிப்பாய்ங்களோட விளையாடுறார், மாவுல செஞ்ச ரெண்டு காவல் சிப்பாயை எலி தின்னுடுச்சுன்னு ராணுவ சட்டப்படி விசாரிச்சு எலியைத் தூக்குல தொங்க விடுறார். படிச்சதும் இந்த ஆளா ரஷ்யாவை ஆள்றதுன்னு நமக்கே தோணும், தோணணும்னுதான் எழுதியிருக்காங்க, ஏன்னா 1762ல அவரைக் கவுத்துட்டு சிம்மாசனத்துல உக்காந்தது இவங்கதானே.

ஆனா அதே புத்தகத்துல 1754ல பையன் பால் பொறந்த நாளையும் படிங்க. குழந்தை பொறந்ததும் மாமியார் முறையில இருந்த பேரரசி எலிசபெத் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, எல்லாரும் பின்னாலயே போயாச்சு, பெத்தவ காத்து அடிக்கிற கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல வேர்வையோட மணிக்கணக்கா கிடக்கிறா, தண்ணி கேட்டும் கொடுக்க ஆளில்ல. பிள்ளையை மறுபடி கண்ணுல காட்டுனது கிட்டத்தட்ட நாற்பது நாள் கழிச்சு. இதுலயும் கணக்கு இருக்கலாம், இருந்தாலும் நாற்பது வருஷம் கழிச்சு அந்தத் தண்ணி கேட்டதை மறக்காம எழுதுறாங்களே, அங்க எனக்கு சந்தேகப்பட மனசு வரல.

படி 6: ரெண்டாவது சாட்சியைக் கூப்பிடுங்க

1762 ஆட்சிக் கவிழ்ப்புக்கு தாஷ்கோவாவைப் படிங்க. அப்போ அவங்களுக்கு 19 வயசு, சொந்த அக்காதான் மூணாம் பீட்டரோட காதலி, இவங்களோ கேத்தரின் கட்சி. புத்தகத்துல எல்லாத் திட்டத்துக்கும் நடுவுல இவங்கதான் நிக்கிறாங்க, ராத்திரி குளிர்ல ரகசியமா கேத்தரினைப் பார்க்கப் போனதும் கேத்தரின் தன் படுக்கையிலேயே போர்வைக்குள்ள உக்கார வச்சுப் பேசினதும்னு சினிமா மாதிரி இருக்கும். அதை முடிச்சுட்டு, கவிழ்ப்பு நடந்த சில வாரத்துல கேத்தரின் தன் பழைய காதலர் போனியதோவ்ஸ்கிக்கு எழுதுன கடிதத்தை எடுங்க. தாஷ்கோவா எல்லாப் பெருமையும் தனக்குன்னு நினைக்கிறா, 19 வயசுப் பொண்ணு, அவ அக்காவை வச்சு யாரும் அவளை முழுசா நம்பலங்கிற தொனியில போகும். யாரு சொல்றது உண்மைன்னு தீர்ப்பு எழுத வேண்டியது இல்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் குறிச்சுக்கோங்க போதும். பின்னாடி 1783ல இதே தாஷ்கோவாவை அறிவியல் அகாடமிக்கே தலைவியா போட்டதும் இதே கேத்தரின்தான், அதையும் மறந்துடாதீங்க.

கடிதங்களைப் பொதுவா நான் ஒரு படி மேல வைப்பேன், நடந்த சூட்டுல எழுதுனதுங்கிறதால. ஆனா அதுலயும் பொறி உண்டு. 14ஆம் லூயியோட தம்பி மனைவி லீசலோத்த (1722 வரைக்கும் இருந்தாங்க) ஜெர்மனிக்கு ஆயிரக்கணக்குல கடிதம் எழுதித் தள்ளுனவங்க, தபாலைப் பிரிச்சுப் படிக்கிறாங்கன்னு நல்லாத் தெரிஞ்சே எழுதுனாங்க, அதனால சில திட்டு படிக்கிற ஒற்றனுக்கே போய்ச் சேரணும்னு எழுதுன திட்டு. மேரி அன்டோனெட் ஆஸ்திரியாவை ஆண்ட தன் அம்மாவுக்கு எழுதுனதையும் அப்படியே நம்பாதீங்க, அதே நேரத்துல ஆஸ்திரியத் தூதர் மெர்சி அந்த அம்மாவுக்கே தனியா ரகசிய அறிக்கை அனுப்பிட்டு இருந்தார், மகளுக்கு அது தெரியாது. பொண்ணு எழுதுனதையும் தூதர் எழுதுனதையும் மாத்தி மாத்திப் படிச்சா, ஹாஸ்டல் பிள்ளை வீட்டுக்கு எழுதுற கடிதமும் வார்டன் அனுப்புற ரிப்போர்ட்டும்தான்.

படி 7: போலிங்களை ஒதுக்குங்க

1830 வாக்குல பாரிஸ்ல இந்த மாதிரி புத்தகங்களுக்கு செம கிராக்கி, அதனால செத்தவங்க பேர்ல உக்காந்து எழுதித் தள்ளுனாங்க. 15ஆம் லூயியோட காதலி மதாம் து பாரியோட நினைவுக்குறிப்புன்னு சுத்துறது லாமொத் லாங்கோன்னு ஒருத்தர் 1829ல கட்டுனது. மார்க்கீஸ் து க்ரெக்கி பேர்ல வந்ததும் போலிதான், அந்தம்மா 1803லயே போய்ச் சேர்ந்துட்டாங்க, புத்தகம் வந்தது 1830கள்ல. அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி, கையெழுத்துப் பிரதி யார் கிட்ட இருந்து யார் கைக்கு வந்து அச்சுக்குப் போச்சுன்னு முன்னுரையில பாருங்க, அந்தக் கதையே இல்லாம எல்லாப் பிரபலங்களும் வரிசையா வந்து அழகா வசனம் பேசிட்டுப் போனா கீழ வச்சுடுங்க.

படி 8: பேசாம நிக்கிறவங்களை எண்ணுங்க

லா தூர் து பான் 1794ல போர்தோவுல இருந்து கப்பலேறி அமெரிக்கா போய், நியூயார்க் மாநிலத்துல அல்பனி பக்கத்துல பண்ணை வாங்குறாங்க. மாடு கறந்து, வெண்ணெய் கடைஞ்சு, அதுல தன் முத்திரையைக் குத்தி விக்கிறாங்க. ஒரு நாள் முற்றத்துல கையில கோடாலியோட ஆட்டுக் காலை வெட்டிட்டு இருக்கும்போது பின்னாடி இருந்து பிரெஞ்சு அரசியல்வாதி தாலிராண்ட் வந்து நின்னு, இவ்வளவு கம்பீரமா யாரும் ஆட்டுக் காலை கம்பியில கோக்க முடியாதுன்னு கிண்டல் பண்றார். எல்லாருக்கும் பிடிச்ச காட்சி இது, எனக்கும்தான். ஆனா அந்தப் பண்ணை வேலையைச் சேர்ந்து செஞ்சது அவங்க விலைக்கு வாங்குன நாலு கறுப்பின அடிமைங்க. 1796ல ஐரோப்பா திரும்பும்போது அவங்களை விடுதலை பண்ணி விட்டுட்டாங்க, அதை நெகிழ்ச்சியா எழுதவும் செய்றாங்க. அந்த நாலு பேரும் அதே பண்ணை வாழ்க்கையை எப்படி நினைச்சுப் பார்த்தாங்கங்கிறதுக்கு இந்தப் புத்தகத்துல இடமே இல்ல. நோட்டுல கடைசிப் பக்கத்தை இவங்களுக்காக ஒதுக்குங்க, வேலைக்காரி, பால் கொடுத்த தாய், வண்டிக்காரன், ஒரு வரியில வந்து போறவங்க எல்லாரையும் எழுதுங்க. சீக்கிரமே பக்கம் பத்தாது.

படி 9: எந்த வருஷத்துல பேனாவை வச்சாங்கன்னு பாருங்க

முடிச்சதும் மூடி வச்சுடாதீங்க, முதல் பக்கத்துல எழுதுன மூணு வருஷத்துக்குக் கீழ நாலாவதா ஒண்ணு எழுதுங்க, கதை நின்ன வருஷம். வில்ஹெல்மினா 1758 வரைக்கும் உயிரோட இருந்தவங்க, ஆனா கதை 1742லயே நின்னுடுது. கேத்தரின் 34 வருஷம் ஆண்டவங்க, கதை 1759ல அறுந்துடுது, கவிழ்ப்புக்கு மூணு வருஷம் முன்னாடி, புருஷன் எப்படி செத்தார்னு சொல்ல வேண்டிய இடம் வரவே இல்ல.

லா தூர் து பான் 1853 வரைக்கும் வாழ்ந்தாங்க, 1843ல கூட மறுபடி உக்காந்து தொடர்ந்து எழுதியிருக்காங்க. அப்படியும் கதை 1815 மார்ச்சைத் தாண்டல. 1816ல மூத்த பையன் ஊம்பெர் வாள்-துப்பாக்கிச் சண்டைன்னு சவால் விட்டுக்கிட்டு மோதுற அந்த வழக்கத்துல செத்துட்டான், 1817ல பொண்ணு செசில், 1822ல இன்னொரு பொண்ணு ஷார்லோத்.